அந்த வசனம் என்னுடையது

எண்பதுகளில் நான் நீதிமன்றத் தமிழ் மொழிபெயர்ப்பாளர். என் ஆங்கிலத்தின் மேல் எனக்கு அபார நம்பிக்கை. ஒரு ஞாயிறு, சிராங்கூன் சாலைப் பக்கம் சண்டைப்படம் ஒன்று பார்த்தேன். லஞ்சம் வாங்கி வாக்குமூலத்தை மாற்றிய நீதிபதியின் முன் கதாநாயகன், "அநியாயத்தை அடித்தேன்!" என்று கர்ஜிக்க, நானும் விசிலடித்தேன்.

மறுநாள், மேஸ்திரியை அடித்த கட்டடத் தொழிலாளி கூண்டில் நின்று, "கோவத்துல அடிச்சிட்டேன், தப்புதாங்க," என்றார். நான் ஆங்கிலத்தில், "அநியாயத்தை அடித்தேன்!" என்று முழங்கினேன்.

நீதிபதியின் முகம் இறுகியது. "வருத்தமே இல்லையா?"

தொழிலாளி மிரண்டார். "அண்ணே, நான் சொன்னதைத்தானே சொன்னீங்க?"

"மன்னிக்கவும்," என்றேன் நீதிபதியிடம். "அவர் வருந்தினார். அந்த வசனம் என்னுடையது."

தொழிலாளி அபராதத்தோடு தப்பினார்.

படத்தில் காசு வாங்கிக்கொண்டுதான் வாக்குமூலத்தை மாற்றினார்கள். நான் ஒரு காசும் வாங்காமல் மாற்றியிருந்தேன்.