நீலப் பிள்ளையாரும் நான் சொன்ன ‘யா’வும்

நான் வேலைக்குப் போகும் வழியில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாவது சாலை எழுந்து நின்றுவிடும். சும்மா சொல்லவில்லை. கால்வாயில் படகு வந்தால் மணி அடிக்கும், குறுக்குக் கம்பு இறங்கும், பாலத்தின் தார்ச்சாலை வெள்ளைக்கோட்டோடு அப்படியே சுவர் மாதிரி மேலே போகும். காரில் இருப்பவர்கள் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். சைக்கிளில் வந்தவர்கள் ஒரு காலை ஊன்றிக்கொண்டு பாண் ரொட்டியைக் கடிப்பார்கள். நெதர்லாந்துக்கு வந்த இந்த எட்டு வருடத்தில் நான் பார்த்த ஒரே ஏற்றம் இதுதான். அதிலும் யாரையும் ஏற விடுவதில்லை. இலங்கை மலைநாட்டில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்த எனக்கு, வீட்டுக்குப் போவது என்றால் ஏறுவது, கடைக்குப் போவது என்றால் இறங்குவது. இங்கே வீடும் கடையும் ஒரே மட்டத்தில் கிடக்கின்றன. கடல் மட்டும் கொஞ்சம் மேலே இருக்கிறதாம். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நான் வேலை செய்வது ஓர் இன்ஜின் பட்டறையில். பழைய கார்களுக்கு ஆசைப்பட்டவர்கள் இன்னும் வேகம் வேண்டும், இன்னும் சத்தம் வேண்டும் என்று இன்ஜினைக் கழற்றிக் கொண்டுவருவார்கள். முதலாளி பெயர் ஹென்க். கதவு உயரத்துக்கு இருப்பார். ஆறு வருடம் எனக்கு அங்கே இன்ஜின் சாமான் கழுவும் வேலை. சுடுநீர்த் தொட்டியில் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்து எடுத்து வரிசையாக அடுக்குவேன். எங்கள் பக்கத்துக் கினிகத்தேனையில் பதினோரு வருடம் கராஜில் வேலை பார்த்தவன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. போன வருடம், இன்ஜின் பூட்டும் மேசையில் இருந்த பெரியவர் ஓய்வு பெறப்போவதாகச் சொன்ன பிறகு, நான் அடுக்கி வைத்திருந்த வால்வுகளை ஹென்க் வெகுநேரம் பார்த்தார். தேய்ந்ததை ஒரு பக்கம், நல்லதை ஒரு பக்கம் என்று யாரும் சொல்லாமலே பிரித்து வைத்திருந்தேன். மறுநாள் கூப்பிட்டார். “வில்லமின் இன்ஜினுக்கு மேல்பாகம் முழுக்கப் புதிதாகப் போட வேண்டும். கேம், வால்வு, ஸ்பிரிங் எல்லாவற்றையும் நீயே தேர்ந்தெடு. ஒழுங்காக வந்தால் மேசை உனக்கு. வராவிட்டால் தொட்டி இருக்கவே இருக்கிறது.” இந்த ஊரில் எல்லாவற்றையும் இப்படித்தான் முகத்துக்கு நேரே சொல்வார்கள்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இன்ஜின் மூச்சு விடுவது வால்வு வழியாக. வால்வைத் தள்ளித் திறக்கும் தண்டுக்குக் கேம் என்று பெயர். திறந்ததை இழுத்து மூடுவது ஸ்பிரிங். பெரிய கேம் போட்டால் வால்வு கூடுதலாகத் திறக்கும், கூடுதல் நேரம் திறந்திருக்கும். ஓடும்போது பறக்கும். நிற்கும்போது கிழவன் மாதிரி இருமும். அதை அடக்க ஸ்பிரிங்கும் முரடாக வேண்டும். முரட்டு ஸ்பிரிங் கேமையே தேய்த்துவிடும். ஒன்றைப் பெரிதாக்கினால் எல்லாம் நம்மோடு சண்டைக்கு வரும். ஆகவே தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஆளை விசாரிக்க வேண்டும். கினிகத்தேனைக் கராஜ் முதலாளி சிங்களவர், நாங்கள் எல்லாரும் ‘பாஸ்’ என்று கூப்பிடுவோம். அவர் எந்த வண்டிக்கும் மூன்று கேள்விதான் கேட்பார்: வீட்டுக்கு ஏற்றம் எவ்வளவு, ஏறுவது எத்தனை பேர், சாமான் எவ்வளவு.

வில்லம் வந்தார். சந்தையில் சீஸ் கடை வைத்திருப்பவர், வயது அறுபது இருக்கும். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்விகளை அவர்களுடைய மொழியில் கேட்டேன்.

“உங்கள் வீட்டுக்குப் போகும் சாலை ஏற்றம் அதிகமா?”

வில்லம் ஹென்க்கைப் பார்த்தார். “இந்த ஊரிலேயே உயரமான இடம் என் கோழிக்கூடுதான்.”

“காரில் எத்தனை பேர் போவீர்கள்?”

“நான் மட்டும். மனைவிக்குச் சத்தம் பிடிக்காது.”

“சாமான்?”

“இது கார், தம்பி. லொறி இல்லை.”

ஹென்க் இருமுவது போலச் சிரிப்பை மறைத்தார். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் விஷயம் கிடைத்துவிட்டது. சனிக்கிழமைகளில் துறைமுகப் பக்கத்து வெளியில் பழைய கார்க்காரர்கள் கூடுவார்களாம். வழியில் இரண்டு தூக்குப் பாலம், எண்ண முடியாத சிக்னல் விளக்கு, அதைவிட அதிகமாகச் சைக்கிள். எங்கள் மலைப்பாதையில் இறம்பொடை வளைவில் ஆளை ஏற்றிக்கொண்டு நின்று புறப்படும் பஸ்ஸுக்கு என்ன வேண்டுமோ அதேதான் இந்தக் காருக்கும் வேண்டும்: கீழ்வேகத்தில் இழுப்பு. விலைப் புத்தகத்தில் சிறிதிலிருந்து பெரிதாகப் போகும் பட்டியலில் இரண்டாவது வரிசைக் கேம் சரியாக இருக்கும் என்று மனசுக்குள் முடிவு செய்தேன். அதற்குள் வில்லம் தடித்த விரலைக் கடைசி வரிசையில் வைத்துவிட்டார். “இதுதான். பக்கத்துக் கார்க்காரன் திரும்பிப் பார்க்க வேண்டும். போடலாம்தானே?”

“யா” என்றேன்.

யா என்றால் ஆமாம். அந்த ‘யா’ எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா, “இன்னைக்கி இந்த மலைய முடிச்சிறணும்” என்பார். என் அப்பா, “ஆகட்டுங்க ஐயா” என்பார். இரண்டு நாள் வேலை என்று அப்பாவுக்குத் தெரியும், வரிசைக்குத் தெரியும், கண்டாக்குக்கும் தெரியும். சாயங்காலம், “என்னப்பா, முடியலயா?” “மழைங்க ஐயா.” “சரி, நாளைக்கிப் பாரு.” இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ‘ஆகட்டுங்க’ என்பது அந்த நாளுக்கான வணக்கம், அவ்வளவுதான். பாஸும் அப்படியே. டிக்கோயா வேன்காரர் ஒருவர் வந்து, “பாஸ், லொறி மாதிரி இழுக்கணும். கேமு கீமெல்லாம் பெருசாப் போட்டிருங்க” என்றார். பாஸ் சிங்களத்தில் “ஹரி, ஹரி”, அதாவது சரி சரி, என்று தலையாட்டினார். அவர் போனதும் வால்வு இடைவெளியைச் சரிபார்த்து, அடைப்பை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் வேன்காரர் வாழைப்பழச் சீப்போடு வந்தார். “இப்பத்தான் பாஸ் வண்டி வண்டியா இருக்கு!” பாஸ் அதற்கும் “ஹரி, ஹரி” என்றார்.

நானும் அப்படி வில்லமுக்குப் பணிவாகத் தலையாட்டிவிட்டு, மெதுவாக இரண்டாவது வரிசைக்கு நகர்ந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இந்த நாட்டில் ‘யா’ என்பது கையெழுத்து. நான் வாயை மூடுவதற்குள் ஹென்க் கணினியில் தட்டிவிட்டார். மூன்றாம் நாள் பெட்டி வந்து மேசையில் உட்கார்ந்தது. கேம் என் முழங்கை நீளத்துக்கு மேல் பளபளவென்று இருந்தது. முரட்டு ஸ்பிரிங்குகளைப் பார்த்தாலே பயமாக இருந்தது.

பூட்டுகிற நாள் வந்தது. எங்கள் பக்கத்தில் இன்ஜினை மூடுவதற்கு முன்னால் மஞ்சளில் ஒரு பிள்ளையார் பிடித்து மேசையில் வைப்போம். பாஸ் புத்த சமயத்தவர்தான், ஆனால் அவரே ஒரு பூவும் வைப்பார். பட்டறையில் மஞ்சளுக்கு எங்கே போவது? இழுப்பறையில் நீல நிறத்தில் களிமண் இருந்தது. பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க வைத்திருப்பது. அதில் ஒரு உருண்டை எடுத்துப் பிடித்தேன். தும்பிக்கை கொஞ்சம் நீளமாகிவிட்டது. யாருக்கும் தெரியாமல் எண்ணெய்ப் போத்தலுக்குப் பின்னால் வைத்து, இந்தப் பெரிய கேமை எப்படியாவது பார்த்துக்கொள்ளப்பா என்று கும்பிட்டேன்.

கண்ணைத் திறந்தால் ஹென்க் நிற்கிறார். பிள்ளையாரை இரண்டு விரலில் தூக்கிப் பார்த்தார். “இது இன்ஜின் வேலைக்குத்தானே?”

இது கடவுள், கீழே வை என்று சொல்ல எனக்குச் சொற்கள் தெரியும். ஆனால் வாய் பழகிய வழியில் போனது. “யா.” யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை.

ஹென்க் பிள்ளையாரை இரண்டாகப் பிய்த்துப் பிஸ்டன் தலையில் அப்பினார். மேல்மூடியை வைத்துத் தற்காலிகமாக இறுக்கி, இன்ஜினைக் கையாலேயே மெதுவாகச் சுற்றச் சொன்னார். சுற்றினேன். உள்ளே இருப்பது யார் என்று எனக்குத்தானே தெரியும்! இரண்டு சுற்று முடிந்து திறந்தபோது, வால்வு பதிந்த இடத்தில் களிமண் வெங்காயத்தோலாகி அடியில் பிஸ்டன் மின்னியது. இன்ஜின் சூடாகி வேகம் எடுத்திருந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டி மொத்தமும் நொறுங்கியிருக்கும். பிள்ளையார் தான் நசுங்கி இன்ஜினைக் காப்பாற்றியிருக்கிறார். ஹென்க் விசில் அடித்தார்.

“இது சரிவராது என்று உனக்கு முன்பே தெரியுமா?”

“தோன்றியது.”

“பிறகு ஏன் யா என்றாய்?”

பெரட்டுக் களத்தை நெதர்லாந்து மொழியில் எப்படி விளக்குவது? ஹென்க் சொன்னார்: “யா சொன்னது நீ. நே சொல்ல வேண்டியதும் நீ. வில்லமிடம் போ. அந்த ஒரு சொல்லைச் சொல்லத் தெரியாதவனை என்னால் மேசையில் வைக்க முடியாது.” நே என்றால் இல்லை, முடியாது.

வீட்டில் செல்வியிடம், அதாவது என் மனைவியிடம், சொன்னபோது அவள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். “எங்கிட்ட மட்டும் எப்பிடிங்க வேணாம் வேணாம்னு சட்டமா சொல்றீங்க? நேத்துக்கூடப் புட்டு வேணாம்னீங்க.”

“அது வேற.”

“என்னா வேற? என்னைய அந்த ஆளா நெனச்சுக்கிட்டுச் சொல்லுங்க பாப்போம்.” தோசைக்கரண்டியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். “ஏய், பெரிய கேமு போடுவியா மாட்டியா?”

“பாக்கலாங்க” என்றேன்.

“வெளங்குனாப்லதான்” என்று அவள் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

புதன்கிழமைச் சந்தை. வில்லம் கடையில் கூட்டம். நானும் வரிசையில் நின்றேன், சட்டைப்பையில் காகிதத்தில் சுற்றிய நீலத் துண்டோடு. என்னைக் கண்டதும் வில்லம் கத்திமுனையில் ஒரு சீஸ் துண்டை நீட்டினார். ஆட்டுப்பால் சீஸ். வாயில் போட்டதும் கிடாய்க் கொட்டிலுக்குள் நுழைந்தது போல இருந்தது. “எப்படி, பிரமாதமா?” என்றார்.

“நே” என்றேன்.

நானே திடுக்கிட்டேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. வில்லம் வயிறு குலுங்கச் சிரித்தார். வாய் திறந்தது திறந்ததுதான், இனி மூடினால் திரும்பத் திறக்காது என்று தோன்ற, அதே மூச்சில் சொன்னேன். “காருக்கும் நே.” நீலத் துண்டைச் சீஸ் பலகையில் வைத்துக் காட்டினேன். “இந்த இடத்தில் முட்டும். பிஸ்டனைக் குடைந்தால் போடலாம், ஆனால் பாலம் திறந்து மூடி நீங்கள் புறப்படும்போது வண்டி இருமி நின்றுவிடும். இரண்டாவது வரிசைக் கேம், அதற்கேற்ற ஸ்பிரிங், உங்கள் பழைய வால்வே நன்றாக இருக்கிறது. போதும்.”

“சத்தம்?”

“குறையும்.”

“பக்கத்துக் கார்க்காரன் திரும்பிப் பார்ப்பானா?”

யா சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. “பாதி திரும்புவான்” என்றேன்.

வில்லம் கத்தியைத் துடைத்தார். “சரி, போடு. இதைப் போன வாரமே ஏன் சொல்லவில்லை?”

“எனக்கு வெட்கம்.”

“வெட்கமா! என் சீஸைப் பற்றி நன்றாகத்தானே பேசினாய்?”

இவ்வளவுதான். கோபம் இல்லை, முகத்திருப்பல் இல்லை. ஒரு வாரம் நான் மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்த விஷயம் ஒரு கிலோ சீஸ் வெட்டும் நேரத்தில் முடிந்தது. இரண்டாவது வரிசைக் கேமைப் போட்டு, மறுபடி களிமண் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடினேன். இந்தத் தடவை வெறும் களிமண். வண்டி நிற்கும்போது சீராக நின்றது, காலை வைத்ததும் குதித்துப் புறப்பட்டது. சத்தம் போதாது என்று வில்லமுக்குக் கொஞ்சம் குறைதான். இருந்தாலும் மூன்று பேர் திரும்பிப் பார்த்ததாக ஹென்க்கிடம் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை என் ஸ்பானர்கள் மேசைக்கு வந்தன.

இப்போது நாளைக்கு நான்கைந்து நே சொல்கிறேன். சம்பளம் வாங்குவதே அதற்குத்தானோ என்று சில நேரம் தோன்றும். போன வாரம் காலைத் தேநீர் நேரத்தில் டிக்கோயாவிலிருந்து செல்வியின் தம்பி கூப்பிட்டான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். “மச்சான், அங்க ஒரு பெரிய கேமு சும்மா கெடக்குதாமே, அக்கா சொல்லுச்சு. நம்ம வேனுக்கு அனுப்பிவிடுங்களேன்.” அவனுடையது டீசல் வேன். அந்தக் கேம் அதற்குள் போகவே போகாது. அது அவனுக்கும் தெரியும்.

“அனுப்பிருவோம் மச்சான்” என்றேன்.

“அவசரமில்ல, மெதுவா அனுப்புங்க. இங்க ரெண்டு நாளா ஒரே மழ.”

“மலப்பக்கம் மண்ணு கிண்ணு சரிஞ்சிச்சா?”

அவன் பதில் சொல்வதற்குள் வாசலில் ஹென்க்கின் குரல். பக்கத்தில் ஒரு புது ஆள் விலைப் புத்தகத்தோடு நின்றார், விரல் கடைசி வரிசையில். “இவருக்கும் இதுதான் வேண்டுமாம். போடலாமா?”

போன் இடது காதில் இருந்தது. எடுக்காமலே நிமிர்ந்து, “நே” என்றேன்.

“என்னாங்க மச்சான்?” என்றான் டிக்கோயாவில் அவன், மழைச் சத்தத்துக்கு நடுவே.

“ஒனக்கில்ல மச்சான். நீ சொல்லு.”