மூட்டைக்காரன் சீட்டு

தபோதரன் ஹனோவரில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் காவலாளி. பழைய டாரட் சீட்டுகள் இருக்கிற கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் அவருடைய கதிரை. வருகிறவர்கள் கோயிலுக்குள் நுழைந்தமாதிரிக் குரலைத் தணித்து அவரிடம் எதிர்காலம் கேட்பார்கள். அவருக்கு எரிச்சல் வரும். அறுநூறு வருசத்துக்கு முந்தி இத்தாலிக்காரர் விளையாடச் செய்த சீட்டு. குறி சொல்ல எடுத்தது முந்நூறு வருசம் கழித்துத்தான். ஞாயிறு தவறாமல் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுகிற யாழ்ப்பாணத்தாரான அவருக்கு, அந்தப் படங்கள் மற்றச் சீட்டுகளை வெட்டுகிற துரும்பென்று கண்டவுடனேயே விளங்கிவிட்டது.

பனி வெளிச்சம் கண்ணாடியில் விழும் பின்னேரங்களில் படங்கள் இறங்கி வந்து அவரோடு விளையாடும். நிலவு சீட்டுக் கலைக்கும். சாவு வந்து அரசனை வெட்டும்.

ஒரு படம் மட்டும் எதிலும் சேராது. தோளில் மூட்டையோடு போகிற பைத்தியக்காரன். பின்னால் நாய் துரத்துகிறது. பழைய ஆட்டத்தில் அவனால் ஒருவரையும் வெல்ல ஏலாது, அவனையும் ஒருவராலும் பிடிக்க ஏலாது. இறக்கினவரிடமே திரும்பிப் போய்விடுவான்.

இன்றைக்கு ஒரு ஜெர்மன் பெட்டை, "இதில் உங்கள் சீட்டு எது?" என்று கேட்டாள். எண்பத்தாறாம் ஆண்டு சண்டைக்குத் தப்பி ஒற்றைப் பையோடு பெர்லினில் வந்திறங்கியவர் அந்த மூட்டைக்காரனைத்தான் காட்டினார். அவள் சிரித்தாள்.

"திரும்பிப் போறதிலதான் இவனும் நானும் வேறை," என்றார் தமிழில், அவளுக்கு விளங்காது என்ற தைரியத்தில்.