மாடியறை விளக்கை ஏற்றியது யார்

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கீழ்த்தளச் சலவைக்கூடத்தில் என் பெரியம்மா பத்தொன்பது வருடங்களாக விரிப்பு மடிக்கிறாள். ஒற்றை ஆளாக மடித்தால் விரிப்பு தரையில் புரளும். தரையில் பட்டதை மறுபடி துவைக்க வேண்டும். அதனால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு மூலை பிடிக்கிறார்கள். உதறி, நெருங்கி வந்து, மூலைகளை மற்றவள் கையில் கொடுத்து, மறுபடி விலகுகிறார்கள். நாளைக்கு நானூறு விரிப்பு என்றால் நானூறு முறையாவது இரண்டு முகங்கள் ஒரு சாண் தூரத்துக்கு வந்து போகும்.

பதினோரு வருடம் பெரியம்மாவின் எதிரில் வந்து போன முகம் நெட்டையுடையது. நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. பெரியம்மா அவள் தோளுக்குக்கூட வரமாட்டாள். இருவருக்கும் நடுவே விரிப்பு சறுக்குமரம் போலச் சாய்ந்து தொங்குமாம்.

"கொஞ்சம் குனியேன்டி, நான் என்ன ஏணி வச்சா மடிக்கிறது?" என்பாளாம் பெரியம்மா.

"நீ கொஞ்சம் வளரேன் குட்டை, யாரு வேணாம்னா?" என்பாளாம் நெட்டை.

ஒரு நாவல் அவர்களுக்கு அழுக்குமூட்டைக்குள் கிடைத்தது. யாரோ நோயாளி கட்டிலில் விட்டுப் போனது. அப்படிக் கிடைக்கும் பொருளை ஒரு மாதம் அலுவலக அலமாரியில் வைத்திருப்பார்கள். தேடி யாரும் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கே சொந்தம். பல்செட்டை மட்டும் இதுவரை யாரும் சொந்தம் கொண்டாடியதில்லை. மேலட்டை இல்லாத அந்தப் புத்தகத்தை நெட்டை வாங்கிக்கொண்டாள். மதியச் சாப்பாட்டு வேளையில் பத்துப் பக்கம் உரக்கப் படிப்பாள். பிறகு மடிக்கும்போது அதைப் பற்றி இருவரும் சண்டை போடுவார்கள்.

கதையில், ஏரிக்கரையில் இடிந்துகொண்டிருக்கும் ஒரு மாளிகை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவரைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் அங்கே வருகிறாள். பல வருடங்களுக்கு முன் கிழவரின் தங்கை அண்ணனோடு கோபித்துக்கொண்டு வெளியேறி ஏரியில் மூழ்கிப்போனாள் என்கிறார்கள். உடல் கிடைக்கவில்லை. அவளுடைய மாடியறை பூட்டிக் கிடக்கிறது. ஆனால் தினமும் இருட்டத் தொடங்கும்போது அந்த ஜன்னலில் ஒரு விளக்கு எரிகிறது.

விளக்கை ஏற்றுவது யார்? தங்கை சாகவே இல்லை, உள்ளேதான் ஒளிந்திருக்கிறாள் என்பது நெட்டையின் கட்சி. கிழவர் மனசு விட்டுப்போகக் கூடாதென்று சமையல்காரிதான் ஏற்றுகிறாள் என்பது பெரியம்மாவின் கட்சி. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டே கேட்ட, துணிவண்டி தள்ளும் டிராலிக்காரருக்குப் பேய் இல்லாமல் சரிப்படாது. "ராத்திரி, ஏரி, பாழடைஞ்ச வீடு. இவ்வளவு செலவு பண்ணிட்டுப் பேயை விட்டுருவானா?" கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் தையல்காரம்மாவோ, இதெல்லாம் சொத்துக்காக யாரோ செய்யும் வேலை என்று அடித்துச் சொன்னாள். அவளுடைய குடும்பத்தில் அப்போது ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

படிப்பு நூற்று எழுபத்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது நெட்டை தூரத்து நகரத்துக்குக் கிளம்பினாள். மகளுக்குப் பிரசவம். விரிப்பின் ஓரத்தில் கிழித்த துணிநாடாவைப் பக்கத்தில் வைத்து மூடிப் புத்தகத்தைப் பெரியம்மாவிடம் கொடுத்தாள்.

"மூணே மாசம். அதுக்குள்ள நீ மட்டும் படிச்சே, பேச்சே கிடையாது."

மூன்று மாதம் இரண்டரை வருடமாயிற்று. பேத்திக்குப் பின் ஒரு பேரனும் வந்துவிட்டான். பெரியம்மா புத்தகத்தைத் தன் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருந்தாள். நெட்டையின் இடத்துக்கு வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. "உயரம் சரியா இருக்கு, வாய்தான் இல்லை" என்று ஒவ்வொருத்தியையும் பற்றிச் சொன்னாள்.

அந்த இடத்தில்தான் நான் போய் நின்றேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். போட்ட விண்ணப்பங்களுக்குப் பதில் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று பெரியம்மா கூட்டிக்கொண்டு போனாள். முதல் நாளே டிராலிக்காரர் எனக்கு 'டிகிரி' என்று பெயர் வைத்துவிட்டார்.

சாப்பாட்டு வேளையில் விளக்குச் சண்டை அப்போதும் நடந்துகொண்டிருந்தது. ஒன்று மட்டும் மாறியிருந்தது. பெரியம்மா இப்போது தங்கை உயிரோடு இருக்கிறாள் என்று வாதாடினாள்.

"நீதானே சமையல்காரின்னு குதிச்சே?" என்றாள் தையல்காரம்மா.

"அவ இல்லாதப்ப அவ கட்சியை யாரு பேசறது?"

அந்த நாவலை எனக்குத் தெரியும். கல்லூரியில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். எங்கள் வகுப்பில் முடிவைப் படித்த பிறகுதான் ஆளுக்கொரு கருத்துச் சொல்வோம். இவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். நாடாவைப் பற்றி யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"டிகிரி, நீ தீர்ப்புச் சொல்லு," என்றார் டிராலிக்காரர். "பதினஞ்சு வருஷம் படிச்சிருக்கே. விளக்கு ஏத்துறது யாருன்னு தெரியாதா?"

"அந்தக் கிழவர்தானே! கடைசி அத்தியாயத்துல நர்ஸ் கையும் களவுமா பிடிக்கிறாளே," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அது இப்போதும் என்னை உறுத்துகிறது.

உலர்த்தும் இயந்திரம் மணியடித்து நின்றது. பெரியம்மா பாதிச் சோற்றோடு டப்பாவை மூடிக் குழாயடிக்குப் போனாள்.

"அட, அப்ப பேயே கிடையாதா?" என்றார் டிராலிக்காரர். தையல்காரம்மா அவர் கையில் நறுக்கென்று கிள்ளினாள். பிறகு நாடாவின் கதையை எனக்குச் சொன்னதும் அவள்தான்.

அன்று மதியம் பெரியம்மாவும் நானும் அறுபது எழுபது விரிப்பு மடித்திருப்போம். பிறகு ஒரு மூலையை என் கையில் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"அந்தத் தங்கச்சி?"

"நிஜமாவே செத்துட்டா பெரியம்மா."

அடுத்த விரிப்பு.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஏத்தினாரு?"

"ஆமா."

அடுத்த விரிப்பு.

"நடக்க முடியாதவரு படி எப்படி ஏறினாரு?"

"உக்காந்து உக்காந்து. கையை ஊணி, ஒவ்வொரு படியா."

அவள் அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.

ஞாயிற்றுக்கிழமை நெட்டை போனில் கூப்பிட்டாள். மாதத்தில் ஒரு முறை கூப்பிடுவாள். பெரியம்மா கையெல்லாம் மாவாக இருந்ததால் நான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன். பின்னால் இரண்டு குழந்தைகள் போட்டி போட்டு அழுதுகொண்டிருந்தன.

"குட்டை, புத்தகத்தைத் திறந்தியா?"

"நான் எதுக்குத் திறக்கறேன்?"

"சத்தியமா?"

"சத்தியமாடி. நாடா வச்ச இடத்துலயே இருக்கு."

அது உண்மைதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இப்பவும் சொல்றேன், அந்தப் பொண்ணு உள்ளேதான் இருக்கா. எழுதி வச்சுக்கோ."

பெரியம்மா மாவைப் பிசைவதை நிறுத்தினாள். ஒரு நொடிதான்.

"உன் மூஞ்சி. சமையல்காரிதான் ஏத்துறா."

"சமையல்காரிக்கு சாவி எங்கேருந்து வந்தது?"

"சமையல்காரிக்குத் தெரியாத சாவி எந்த வீட்டுல இருக்கு?"

நெட்டை சிரித்த சிரிப்பில் போன் என் கையில் அதிர்ந்தது. பத்து நிமிடம் இருவரும் சாவிக்காகச் சண்டை போட்டார்கள். முன்பு இரண்டு பேருக்குமே தெரியாது. இப்போது ஒருத்திக்குத் தெரியும், அவள் தெரியாதவளாகப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பாரத்தை ஏற்றி வைத்தவள் பக்கத்திலேயே போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்ப வர்றே?" என்று கேட்டாள் பெரியம்மா.

"இதோ, சின்னவனைப் பள்ளிக்கூடத்துல சேர்த்துட்டா கிளம்பிடுவேன்."

"அவனுக்கு இப்ப என்ன வயசு?"

"ஒண்ணேகால்."

போன் வைத்த பிறகு, "மன்னிச்சுக்கோ பெரியம்மா," என்றேன்.

"நீ என்ன பண்ணுவே. படிச்ச பொண்ணு, கேட்டாங்க, சொன்னே." மறுபடி மாவில் கை வைத்தாள். "மறந்துடலாம்னு பார்க்கறேன், முடியலை. அவ வந்து உரக்கப் படிக்கறப்ப, முதல் தடவை கேக்கற மாதிரி நான் முழிக்கணும். எனக்கு முழிக்கத் தெரியுமான்னுதான் யோசனையா இருக்கு."

மறுநாள் சாப்பாட்டு வேளையில், "அதான் டிகிரி சொல்லிடுச்சே, இனிமே என்ன சண்டை?" என்றார் டிராலிக்காரர்.

"அது டிகிரியோட அபிப்பிராயம்," என்றாள் பெரியம்மா. "புத்தகம் இன்னும் நூத்தியெழுபத்து மூணுலதான் இருக்கு. அந்தப் பொண்ணு உள்ளேதான் இருக்கா."

தையல்காரம்மா சொத்து வழக்கை எடுத்தாள். டிராலிக்காரர் நிம்மதியாகப் பேய்க்குத் திரும்பினார்.

பிறகு நாங்கள் மடிக்கும் மேசைக்குப் போனோம். நான் பெரியம்மாவின் உயரம்தான், ஒரு விரல்கடைகூட அதிகமில்லை. ஆனாலும் நெருங்கி வந்து மூலைகளைக் கொடுக்கும்போது அவள் குதிகாலை லேசாகத் தூக்குகிறாள். கைகள் என் தலைக்கு மேலே போகின்றன. நான் எக்கி வாங்கிக்கொள்கிறேன்.