நடிகர் மன்னிப்புக் கேட்ட காட்சி

எங்கள் அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'வசனம்' என்றுதான் கூப்பிடுவோம். எட்டு வருடம் தொலைக்காட்சித் தொடர்களுக்கு அழுகை எழுதிவிட்டு, கைபேசிக் கதை விளையாட்டுக்கு எழுத வந்தவள். விளையாட்டின் நாயகன் ஒரு நிஜ நடிகர். முகத்தையும் பெயரையும் எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஆடுகிறவள் அவருடைய காதலி. அவர் ஏதாவது சொல்வார், கீழே மூன்று பொத்தான்கள் வரும், பத்து விநாடிக்குள் ஒன்றை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் முதல் பொத்தானை விளையாட்டே அமுக்கிக்கொள்ளும். எல்லா வழிகளிலும் ஆடிப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. மூன்று வருடத்தில் ஒரே ஆளை ஆயிரம் தடவை காதலித்துவிட்டேன். அந்த முகத்தைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

நடிகரின் ஆட்கள் கொடுத்த நிபந்தனைத் தாள் சுவரில் ஒட்டியிருந்தது. அவர் தோற்கக் கூடாது, அழக் கூடாது, யாரிடமும் மன்னிப்புக் கேட்கக் கூடாது. ஆகவே சண்டை வந்தால், எதை அமுக்கினாலும் கடைசியில் காதலிதான் இறங்கிவர வேண்டும். பேருக்கு மூன்று வழி, போய்ச் சேருவது ஒரே இடம். வசனமும் தலையெழுத்தே என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அக்கா ஒரு பையோடும், மாவுக்கட்டுப் போட்ட வலது கையோடும் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு அது முடியாமல் போனது. கையை முறித்தது அக்காவின் புருஷன். இருபது வருடக் குடித்தனத்தில் இது முதல் தடவையும் இல்லை. அக்கா நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம். பொழுது போகாமல், இடது கையால் தங்கை எழுதிய விளையாட்டை ஆட ஆரம்பித்தாள்.

"எதுக்கெடுத்தாலும் 'மன்னிச்சிடுங்க' பொத்தானைத்தான் அமுக்குறா," என்றாள் வசனம் ஒருநாள், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே. "அதை எழுதின என்னைச் செருப்பால அடிக்கணும். இந்த மாசக் கடைசில மாமா வந்து கூட்டிட்டுப் போறாராம். போயிடுவாளோன்னு பயமா இருக்குடி."

"போகாதேன்னு சொல்லு."

"சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. எவனாவது ஒருத்தன் அவகிட்ட, தப்பு என்மேலன்னு ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தா, அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும்."

அடுத்த அத்தியாயம் என்னிடம் சோதனைக்கு வந்தது. விருந்தில் எல்லோர் முன்னாலும் நடிகர் காதலியைத் திட்டுகிற காட்சி. மூன்று பொத்தான்களும் ஒழுங்காக இருந்தன. எதையும் தொடாமல் நேரம் முடிய விட்டுப் பார்ப்பதும் என் வேலையில் சேர்த்திதான். விட்டேன். முதல் பொத்தான் அமுங்கவில்லை. நடிகர் தலையைக் குனிந்து, "தப்பு என் மேலதான். என்னை மன்னிச்சிடு," என்றார். பொய் சொல்வானேன், எனக்குப் புல்லரித்துவிட்டது.

அவள் இருக்கைக்குப் போய், "பாத்துட்டேன்," என்றேன்.

"மேல சொல்லிடுவியா?"

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அத்தியாயம் வெளியான ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். விருந்துக் காட்சி வந்தது. நடிகர் திட்டி முடித்தாரோ இல்லையோ, அக்காவின் விரல் பட்டென்று 'மன்னிச்சிடுங்க'வில் விழுந்தது. வேலையையே பணயம் வைத்து அந்தக் காட்சியை எழுதிய என் தோழி, மென்று விழுங்கிக்கொண்டு நின்றாள். கடைசியில் பொறுக்க மாட்டாமல் சொல்லியே விட்டாள்.

"அக்கா, மறுபடி ஆடு. இந்தத் தடவை எதையும் தொடாதே. சும்மா இரு."

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஐந்து விநாடி போனது, ஆறு போனது. கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. ஏழாவது விநாடியில் அமுக்கிவிட்டாள்.

"ஏன்க்கா?"

"முகத்தைப் பாரு, எவ்வளவு கோபமா இருக்காரு. நாம பேசாம இருந்தா இன்னும்தானே ஏறும்?"

எனக்கு அழுகை வந்தது. படத்தைப் பார்த்தே இந்தப் பயம் என்றால், அந்த வீட்டில் இருபது வருடம் எப்படி இருந்தாளோ.

வேறு சிலர் பொறுமையாக இருந்து அந்தக் காட்சியைக் கண்டுபிடித்து ஊரெல்லாம் பரப்பினார்கள். நடிகரின் ஆட்கள் குதித்தார்கள். வியாழக்கிழமை வசனத்துக்கு வேலை போயிற்று. காட்சியை அழித்தார்கள், அது நிஜமாகவே அழிந்துவிட்டதா என்று சோதித்துக் கையெழுத்துப் போட்டவள் நான். என்மேல் ஒருவரும் சந்தேகப்படவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கோழை என்றால் கோழைதான்.

சனிக்கிழமை மத்தியானம் அவளுடைய சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மாமா வந்திருந்தார். நிலைப்படியிலேயே நின்றார், உள்ளே வரவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அவர் பேசத் தேவையே இருக்கவில்லை. அக்கா அவசர அவசரமாக எழுந்து, "என்மேலதாங்க தப்பு. சொல்லாம வந்திருக்கக் கூடாது," என்றாள். அவள் நீட்டிய பையை வாங்கிக்கொண்டு அவர் கீழே இறங்கினார்.

வசனம் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அக்கா என் கையிலிருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். பிறகு, கட்டுப் போடாத கையால் தங்கையின் கன்னத்தைத் தடவினாள்.

"என்னாலதானே உன் வேலை போச்சு. என்னை மன்னிச்சிடுடி."

வசனம் வாசலிலிருந்து தானாக விலகிவிட்டாள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.