மச்சாளுக்கு விற்ற கிரீஸ்

சிவப்பு மூடி போட்ட அந்தச் சின்ன டப்பாவைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய், "உது முந்தித் தந்ததுதானே?" என்று மச்சாள் கேட்டார். தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் நான் வேலை செய்த கார் உதிரிப்பாகக் கடையின் கவுண்டர் அது. வியாழக்கிழமை மத்தியானம், வெளியே தூறிக்கொண்டிருந்தது. காலை ஷிப்ட் முடிந்த கையோடு, பேருந்து ஓட்டும் சீருடையைக்கூட மாற்றாமல், வால்தம்ஸ்டோவிலிருந்து நகரத்தைக் குறுக்கே கடந்து வந்திருந்தார். அவருடைய வீட்டுக்குப் பக்கத்திலேயே இப்படியான கடைகள் உண்டு. இருந்தும் கிரீஸ் வாங்க என்னிடம்தான் வருவார். "ஓம் மச்சாள், அதேதான்" என்றேன். அது பொய்யில்லை. அதே கிரீஸ்தான். அதற்கு அடுத்ததாகச் சொல்லவேண்டிய ஒரு வசனத்தை நான் விழுங்கிக்கொண்டேன்.

மச்சாள் என் கணவரின் அக்கா. அவரைவிட ஆறு வயது மூத்தவர். அகதியாக இந்த நாட்டுக்கு முதலில் வந்து சேர்ந்தது அவர்தான். இரண்டு வருடம் இரவு பகலாக வேலை செய்து தம்பியை இங்கே எடுப்பித்ததும் அவர்தான். ஒற்றை அறையில் நடுவில் சேலையைக் கட்டித் தொங்கவிட்டு இரண்டு பேரும் ஐந்து வருடம் வாழ்ந்திருக்கிறார்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து மணப்பெண்ணாக வந்து இறங்கியபோது அவர்களுடைய பகிடிகள் எல்லாம் ஏற்கெனவே சொல்லி முடிந்திருந்தன. பாதி வசனத்திலேயே இருவரும் சிரிப்பார்கள். மிச்சத்தை எனக்கு விளக்கிச் சொல்லும்போது அதில் சிரிப்பு இருக்காது. மச்சாள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. செய்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

என்னுடைய பொறாமை பெரிய விஷயங்களில் தொடங்கவில்லை. இவர் காரை வீட்டு வாசலில் விடும்போது இரண்டு தரம் முன்னும் பின்னும் எடுப்பார். "அக்கா எண்டா ஒரே தரத்தில விட்டிருப்பா" என்பார். எனக்குக் கார் ஓட்டவே வரவில்லை. நாலு தரம் சோதனைக்குப் போய் நாலு தரமும் தோற்றேன். மூன்றாவது தோல்விக்குப் பிறகு மச்சாளே தன் ஓய்வு நாட்களில் வந்து எனக்குப் பழக்கினார். ஒரு நாளும் குரலை உயர்த்தவில்லை. நடுச்சந்தியில் என் கையில் கார் நின்றுபோய், பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்துக் கத்தியபோதும், "அவையள் கத்தட்டும். நீ ஆறுதலா எடு, பிள்ளை" என்றார். அந்தப் பொறுமையை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு சொல் ஏசியிருந்தால் வீட்டில் வந்து ஒரு குறையாவது சொல்லியிருப்பேன்.

அவருடைய மகள் படிப்பு முடித்துக் கனடாவுக்குப் போன பிறகு மச்சாள் கரவன் வாங்கினார். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துச் செல்கிற, படுக்கையும் அடுப்பும் உள்ள அந்தச் சக்கர வீட்டை எங்கள் ஆட்களில் அப்போது யாரும் வைத்திருக்கவில்லை. முதல் வாங்கியது சின்னது, பழையது. லண்டனுக்கு வெளியே ஒரு பண்ணை முற்றத்தில் வாடகைக்கு நிறுத்தியிருந்தார். நாங்கள் பார்க்கப் போன அன்று, இரண்டு கரவன்களுக்கு நடுவே இருந்த ஒடுக்கமான இடத்துக்குள் அதைப் பின்பக்கமாக விட்டார். திருப்பவேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். பலருக்கு அது வரவே வராது. மச்சாள் ஒரே தரத்தில், கண்ணாடியை மட்டும் பார்த்தபடி உள்ளே விட்டார். பண்ணைக்காரர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் கை தட்டினார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் இவர் எதற்காகவும் எனக்குக் கை தட்டியதில்லை என்பது அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தெரியவந்தது.

எனக்கென்று இருந்தது அந்தக் கவுண்டர் மட்டும்தான். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் என்னைக் கண்டதும் உள்ளே எட்டிப் பார்த்து ஆண்கள் யாரும் நிற்கிறார்களா என்று கேட்பார்கள். அவர்கள் கேட்டதை நான் எடுத்து வைத்த பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பார்கள். பிரேக் கிறீச்சிடுகிற விதத்தைச் சொன்னாலே என்ன தேய்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். வீட்டில் இதை யாரும் பெரிதாக எடுத்ததில்லை. மச்சாள் ஒருவர்தான், "இந்தச் சாமான் விசயத்தில நீ சொன்னால் சரி" என்று ஒவ்வொன்றையும் என்னைக் கேட்டுச் செய்வார். பழைய கரவனுக்குக் கிரீஸ் பூசச் சொன்னதும் நான்தான். காரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற இரும்புக் குமிழில் கரவனின் பிடி வந்து தொப்பி போலக் கவிழ்ந்து உட்காரும். இரும்போடு இரும்பு உரசித் தேயாமல் இருக்கக் குமிழில் கிரீஸ் வேண்டும். அந்த முதல் டப்பாவை என் கையால் கொடுத்து, எவ்வளவு பூசவேண்டும் என்று விரல் நுனியில் காட்டினேன்.

இரண்டு வருடம் கழித்து அதை விற்றுவிட்டுப் பெரிய கரவன் ஒன்று வாங்கினார். இவருக்கு ஐம்பதாவது பிறந்தநாள் வந்தது. எங்கள் வீட்டில் கேக் வெட்டிய பிறகு, அடுத்த வாரக் கடைசியில் தம்பியை நோர்போக் கடற்கரைக்குக் கரவனில் கூட்டிப்போவதுதான் தன்னுடைய பரிசு என்று மச்சாள் சொன்னார். இவர் முகம் பத்து வயதுப் பையனின் முகமாக மாறியது. மச்சாள் என்னையும் கேட்டார். "எனக்குச் சனிக்கிழமை ஷிப்ட்" என்றேன். இரண்டாம் தரம் கேட்பார்கள், அப்போது ஷிப்டை மாற்றலாம் என்று இருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அந்த வீட்டில், என்னுடைய வீட்டில், நான் கேக் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருக்க, அவர்கள் இரண்டு பேரும் வரைபடத்தை விரித்துவைத்துச் சிரித்தார்கள்.

அதற்கு நாலாம் நாள்தான் அந்த வியாழக்கிழமை. டப்பாவை மூடிக்கொண்டே மச்சாள் சொன்னார்: "புதுசில ரெண்டு கைபிடி இருக்கு, பிள்ளை. ஒண்டு கொழுவ. மற்றது ஏனெண்டு விளங்கேல்லை, வித்தவர் அமத்தி விடச் சொன்னவர்." எனக்கு உடனே விளங்கியது. இரண்டாவது கைபிடியை அமர்த்தினால் உள்ளே இருக்கிற தகடுகள் குமிழை இறுக்கிப் பிடிக்கும். ஓட்டத்தில் கரவனின் வால் ஆடாமல் காப்பது அந்தப் பிடிதான். அப்படிப்பட்ட குமிழ் காய்ந்து சுத்தமாக இருக்கவேண்டும். அதில் கிரீஸ் பட்டால் தகடுகள் வழுக்கும். வேகமான வீதியில் ஒரு லொறி உரசிக்கொண்டு முந்தினால் போதும், கரவன் பாம்பு போல நெளியத் தொடங்கும். வாரத்துக்கு ஒருவருக்காவது நான் சொல்லி அனுப்புகிற விஷயம் இது. மச்சாளுக்குச் சொல்லவில்லை. விபத்து நடக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை. கிறீச்சென்று ஒரு சத்தம் வரும், வழியில் நிற்பார்கள், அந்தப் பயணம் கொஞ்சம் பழுதாகும். அக்காவுக்கும் ஒன்று தெரியாமல் இருக்கிறது என்று இவர் ஒரு தரமாவது காணட்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். கடையில் சனம் குறைந்து நான் அதைத் திறக்கப் பதினொரு மணியாகிவிட்டது. பண்ணை முற்றத்தில் காருக்குப் பின்னால் முழங்காலில் இருக்கிறார். விரல்களில் கிரீஸ். குமிழ் மினுங்குகிறது. படத்தை எடுத்தவரைப் பார்த்து வாய் நிறையச் சிரிக்கிறார். அப்படி ஒரு சிரிப்பை நான் கண்டதில்லை என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. அடுத்த நொடி அந்த விரல்களைப் பார்த்தேன். நான் விற்ற கிரீஸ், என் மனிசனுடைய விரல்கள். சாமான் அறைக்குள் போய் இவருக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. ஆறு தரம் அழைத்தேன். கவுண்டரில் யாரோ மணியை அடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மச்சாளுக்கு அழைத்தேன்.

"சொல்லு பிள்ளை. ஓடிக்கொண்டிருக்கிறன். தம்பி நித்திரை." காருக்குள் ஒலிபெருக்கியில் அவர் குரல் தூரத்தில் கேட்டது. மோட்டார்வேயின் இரைச்சல்.

"மச்சாள், கெதியா ஓடாதேங்கோ. எங்கையாவது நிப்பாட்டுங்கோ. அந்தக் குமிழில கிரீஸ் பூசக்கூடாது. ரெண்டாவது கைபிடி இருந்தால் பூசக்கூடாது."

"அதுதான் வால் ஆடுது" என்றார். "முதல் லொறி முந்தேக்கையே ஆடினது. காத்தெண்டு நினைச்சன்." காரின் சத்தம் மெல்ல இறங்குவது எனக்குக் கேட்டது. பிரேக்கை மிதிக்காமல், வேகத்தைத் தானாக விழவிட்டார். அப்படித்தான் செய்யவேண்டும், அவருக்குத் தெரிந்திருந்தது. கொஞ்சம் பொறுத்து, "உனக்கு இப்பவோ தெரிஞ்சது?" என்று கேட்டார்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் வாய்வரை வந்தது. "இல்லை மச்சாள். விக்கேக்கையே தெரியும்."

"சரி" என்றார். "வை. நான் ரோட்டைப் பாக்கோணும்."

நாற்பது நிமிடம் கழித்து இவரிடமிருந்து அழைப்பு வந்தது. அடுத்த வெளியேறும் வழியால் இறங்கி ஒரு ஓய்வு நிலையத்தில் நிற்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றுமில்லை, ஒரு திருத்துநர் வந்து தகடுகளை மாற்றித் தருவார், கடற்கரைக்கு நாளைக்குப் போவார்கள். "நல்ல காலம், நீ போனில கோல் எடுத்தனி" என்றார். அவர் குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. மச்சாள் சொல்லவில்லை என்று விளங்கிக்கொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமை மச்சாள் கடைக்கு வந்தார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், "இனி என்ன பூசோணும், என்ன பூசக்கூடாது, எல்லாத்தையும் விளக்கமாச் சொல்லு" என்றார். குமிழைத் துடைக்கிற திரவத்தை எடுத்து வைத்து, சுத்தமான துணியால் துடைக்கவேண்டும், பழைய பெயின்ட் இருந்தால் உரசி எடுக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் தன் சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டார். கண் நிமிர்த்தாமல், "என்னில கோவம் எண்டால் கோவம் எண்டு சொல்லிப் பேசு. எனக்குப் பேச்சு வாங்கிப் பழக்கம், நான் பஸ் ஓடுறவள்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை. கேட்டால் அதையும் அவர் பெருந்தன்மையாகத் தந்துவிடுவார் என்று எனக்கு எரிந்தது.

இவரோ அந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்லத் தொடங்கினார். ஆர்ச்வேயில் முருகன் கோயிலுக்குப் போனாலும், கல்யாண வீட்டுக்குப் போனாலும், "இவள் மட்டும் அண்டைக்குக் கோல் எடுக்காட்டி நாங்கள் ரெண்டுபேரும் இல்லை" என்பார். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். மச்சாள் பக்கத்தில் நின்று, "ஓம், அவளுக்குத்தான் இந்த விசயமெல்லாம் தெரியும்" என்பார். கல்யாணமாகி இத்தனை வருடங்களில் இவர் என்னைப் பற்றி ஊருக்குச் சொன்ன ஒரே பெருமை அதுதான். அது எனக்குக் கிடைத்ததும் மச்சாளின் தயவில். ஒன்பது வருடம் அதைக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

போன இளவேனிலில் மச்சாள் ஓய்வு பெற்று மகளோடு இருக்கக் கனடாவுக்குப் போனார். கரவனை எங்களுக்குத் தந்துவிட்டார். சென்ற மாதம் முதல் தடவையாக நாங்கள் இரண்டு பேரும் மட்டும் அதை எடுக்கப் போனோம். இவர் குனிந்து குமிழைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. "இஞ்சருங்கோ, அண்டைக்கு அந்தக் கிரீஸ் பூசக்கூடாதெண்டு எனக்கு விக்கேக்கையே தெரியும்" என்றேன்.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

"ஆர் சொன்னது?"

"நீதான். உன்ர குரலுக்கு முழிச்சிட்டன். கண்ணைத் திறக்கேல்லை." துணியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். "நீ போனை வைக்க நான் காருக்குள்ள கத்தின கத்து அக்காவைத்தான் கேக்கோணும். திரும்பி வந்து உன்னோட ரெண்டில ஒண்டு பாக்கிறதெண்டு நிண்டனான். அக்காதான் விடேல்லை. அவள் கோல் எடுத்தவள், அதை மட்டும் சொல்லு, மற்றதை அவளாச் சொல்லுவாள் எண்டவ."

வெட்கம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் பிறகு. முதலில் வந்தது அந்தப் பழைய எரிச்சல். ஒன்பது வருடம் இந்த இரண்டு பேரும் இதைத் தங்களுக்குள் வைத்துக்கொண்டு, கோயிலிலும் கல்யாண வீட்டிலும் ஒருவர் தொடங்க மற்றவர் முடித்து, என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நான் செய்த பிழைகூட எனக்குச் சொந்தமாக இருக்கவில்லை. அதையும் அவர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். கடற்கரை போய்ச் சேரும்வரை நான் ஒரு சொல்லும் பேசவில்லை. பேசாமல் இருக்கவேண்டியவர் அவரல்லவா என்று பாதி வழியில்தான் உறைத்தது.

மாலையில் கரவனின் படியில் உட்கார்ந்து கனடாவுக்கு அழைத்தேன். மச்சாள் எடுத்ததும், "சொல்லிப்போட்டன்" என்றேன். எதை என்று அவர் கேட்கவில்லை. "இவ்வளவு காலமோ எடுத்தது உனக்கு?" என்று சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். பேச்சு வாங்கிப் பழகியவர், மன்னிப்பு வாங்கத் தெரியாமல் தடுமாறினார். என்னென்னவோ சொன்னார், அங்கே இன்னும் பனி என்றார், பேரனை ஏற்றிக்கொண்டு வலதுபக்கமாக ஓடப் பழகுகிறேன் என்றார், முதல் நாள் சந்தியில் கார் நின்றுபோய்விட்டது, பின்னால் எல்லோரும் ஹோர்ன் அடித்தார்கள், உன்னைத்தான் நினைத்தேன் என்றார். அவருக்கும் கார் நின்றுபோகும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இவருக்கும் அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை.

என் சிரிப்புச் சத்தம் கேட்டு இவர் உள்ளேயிருந்து வந்தார். "அக்காவோ? குடு" என்று கையை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். "நாங்கள் இன்னும் கதைச்சு முடியேல்லை."

அவர் கையை நீட்டியபடியே நின்றார்.