பூ வண்டியைப் பிரித்த வாரம்

தர்மபுரியில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் நான் டெக்னீஷியனாகச் சேர்ந்து மூன்றாவது மாதம் நடந்தது இது. பிழை என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாக எழுதலாம்.

அந்த மாதம் ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று எங்கள் டாக்டர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்.

"இந்த யூனிட் ஓடணும்னா என்னென்ன வேணும்? ஒண்ணு விடாம எழுதிக் குடும்மா."

எனக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது. இரண்டே நாளில் முடித்தேன். மின்சாரம், அது போனால் ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல். ஆர்.ஓ. தண்ணீர், அது பழுதானால் கூப்பிட வேண்டிய மெக்கானிக்கின் எண். ரத்தம் ஓடும் குழாய்கள், வடிகட்டி, ரத்தம் உறையாமலிருக்க மருந்து, உப்புக் கரைசல், எடை பார்க்கும் மிஷின். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது இல்லாமல் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று ஒரு கட்டம். டாக்டர் படித்துவிட்டு, "நீ லீவு போட்டா எவ்ளோ நேரம்னு போடலையே" என்றார். சிரித்துக்கொண்டே நர்ஸ்களையும் டெக்னீஷியன்களையும் கடைசியில் சேர்த்தேன். நோயாளிகளைச் சேர்க்கவில்லை. அவர்களுக்காகத்தான் யூனிட், யூனிட் ஓட அவர்களும் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பட்டியல் முடிந்த வேகத்தில் ஷிஃப்ட் நோட்டில் கை வைத்தேன்.

எங்களிடம் ஆறு மிஷின்கள். காலை, மதியம், மாலை என்று மூன்று ஷிஃப்ட். சிறுநீரகம் வேலை செய்யாமல் போனவர்கள் வாரத்தில் இரண்டு நாள் வந்து, ஆளுக்கு நான்கு மணி நேரம் போல மிஷினோடு இணைந்து கிடப்பார்கள். ரத்தம் வெளியே வந்து, சுத்தமாகி, உள்ளே போகும். உடம்பில் தேங்கிய நீரையும் மிஷின் எடுத்துவிடும். ஒரு முறை வராவிட்டால் கால் வீங்கும். இன்னும் நாள் தள்ளினால் நுரையீரலில் நீர் ஏறும். அதற்கு மேல் தள்ள முடியாது.

யார் எந்த நாள், எந்த ஷிஃப்ட் என்பதெல்லாம் எங்கள் சீனியர் சிஸ்டரின் நோட்டில் இருந்தது. பென்சிலால் எழுதி, ரப்பரால் அழித்து, அழித்த இடத்திலேயே மறுபடி எழுதி, சில பக்கங்கள் துணி மாதிரி ஆகியிருந்தன. அதில் எனக்கு ஓர் ஒழுங்கும் தெரியவில்லை. மூன்றரை மணி நேரம் போதுமானவர்களும் நான்கு மணி நேரக்காரர்களும் கலந்து கிடந்தார்கள். அதனால் தினமும் ஏதாவது ஒரு மிஷின் சும்மா நிற்கும். ஏதாவது ஒரு ஷிஃப்ட் தாமதமாகத் தொடங்கும். அண்ணன் மகள் சடங்குக்காக சிஸ்டர் ஒரு வாரம் லீவில் போனார். நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆட்களை நேரப்படி பிரித்தேன். கணக்கு அழகாக வந்தது. டாக்டர் சரி என்றார். அச்சடித்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் லேமினேஷன் போட்டு, சனிக்கிழமையே சுவரில் ஒட்டிவிட்டேன். நேரம் மாறியவர்களுக்குப் போனிலும் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை எல்லாரும் வந்து தங்கள் இடத்தைத் தேடிப் பார்த்தார்கள். ஒருவர்கூட எதுவும் கேட்கவில்லை. அன்று மாலை ஷிஃப்ட் சரியான நேரத்தில் தொடங்கியது. அதியமான்கோட்டையில் இருக்கும் வீட்டுக்கு ஸ்கூட்டியில் போகும்போது எனக்குப் பாட்டு வந்தது.

வியாழக்கிழமை காலை ஷிஃப்டில் ஒரு மிஷின் காலியாக இருந்தது. வரவேண்டியவர் பாப்பிரெட்டிப்பட்டி அக்கா. எங்கள் யூனிட்டில் எல்லாருக்கும் ஊர்தான் பெயர். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், உடம்புக்கு முடியாமல் நின்றுவிட்டார். வீடு பாப்பிரெட்டிப்பட்டியையும் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில். எங்களிடமிருந்த எண்ணுக்கு அழைத்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மத்தியானம் இன்னொரு முறை அழைத்தேன். அப்போதும் அப்படியே. பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதினேன். அந்த மிஷினில் வார்டிலிருந்து வந்த வேறொருவரைப் போட முடிந்ததில், உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிகூட.

சனிக்கிழமை காலை சிஸ்டர் வேலைக்குத் திரும்பினார். கையில் சடங்கு வீட்டு முறுக்குப் பை. பையைக் கீழே வைக்காமலே சுவர் முன்னால் நின்று என் அட்டவணையைப் படித்தார். விரல் மேலிருந்து கீழே நகர்ந்து ஓரிடத்தில் நின்றது.

"பூ வண்டிய யாரு பிரிச்சது?"

எனக்குப் புரியவில்லை.

"ஏம்மா, பூ வண்டிக்காரர் சம்சாரத்த மத்தியானத்துக்குத் தூக்கிப் போட்டிருக்க. பாப்பிரெட்டிப்பட்டிக்காரி காலைலயே இருக்கா. அப்ப அவ திரும்ப எதுல போவா?"

பிறகு சொன்னார். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் சாமந்தியும் குண்டுமல்லியும் ஏற்றிக்கொண்டு விடிகாலையில் தர்மபுரி பூ மார்க்கெட்டுக்கு டெம்போ ஓட்டி வருகிறார். அவர் மனைவியும் எங்கள் நோயாளி. முன் சீட்டில் மனைவி. பக்கத்தில், வழியில் ஏறிக்கொள்ளும் இந்த அக்கா. இரண்டு பேரையும் இறக்கிவிட்டு அவர் மார்க்கெட்டுக்குப் போவார். பூ விற்ற பிறகு, மனைவி முடிக்கும் வரை காத்திருந்து, இருவரையும் ஏற்றிக்கொண்டு திரும்புவார். டயாலிசிஸ் முடிந்தால் அந்த அக்காவுக்குத் தலை சுற்றும். முன் சீட்டில் சாய்ந்துகொண்டே போவார். நான் மனைவியை மத்தியானத்துக்கு மாற்றியதும், பூக்காரர் காலையில் மார்க்கெட் முடிந்தவுடன் வீட்டுக்குப் போய், மனைவியை பைக்கில் கூட்டி வரத் தொடங்கிவிட்டார். அக்காவுக்கு வர வண்டி இருந்தது. போக இல்லை.

"வியாழக்கிழமை வந்தாளா?"

"வரலைங்க சிஸ்டர். போன் பண்ணேன், ஆஃப்."

"அது அவ மவன் நம்பரு. ஓசூர்ல கம்பெனிக்குள்ள போனா போன வாங்கி வச்சிக்குவாங்க." சிஸ்டர் விரல் விட்டு எண்ணினார். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. "அஞ்சு நாளாச்சு."

அவர் குரலை உயர்த்தவில்லை.

சிஸ்டர் தன் போனில் பூக்காரரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் மார்க்கெட்டின் ஏலச் சத்தம்.

"சொல்லுங்க சிஸ்டர். ஊருக்கு வந்துட்டீங்களா? நீங்க இல்லாம இங்க ஆட்சியே மாறிப்போச்சு போங்க."

"அத அப்பறம் பேசலாம். மலையடிவாரத்து அக்காவ இந்த வாரம் பாத்தீங்களா?"

"வியாழக்கெழம வழியில நின்னு ஆரன் அடிச்சுப் பாத்தேங்க, வரல. அதுக்கும் மத்தியானத்துக்கு மாத்திட்டாங்களாக்கும்னு வந்துட்டேன்." சத்தம் சட்டென்று அடங்கியது, ஓரமாக நகர்ந்திருப்பார். "ஏனுங்க சிஸ்டர், வரவே இல்லீங்களா?"

அவர் தன் மனைவியை அழைத்தார். மனைவி அந்த ஊரில் தனக்குத் தெரிந்த, பூப்பறிக்க வரும் ஒரு பெண்ணை அழைத்தார். அந்தப் பெண் தெருவோடு ஓடிப்போய் அக்காவின் வீட்டில் பார்த்தார். பத்து நிமிடத்தில் பூக்காரரின் மனைவியான பூக்கார அக்காவின் குரல் எங்கள் போனில் வந்தது.

"சிஸ்டர், அது படுக்க முடியாம உக்காந்தே இருக்குதாம். படுத்தா மூச்சு முட்டுதாம். மொகமெல்லாம் உப்பிப் போச்சாம். நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். ஆனா அவங்களுக்கு அந்த ஊட்டுக்கு வழி தெரியாதுங்க. நானும் அதுலயே ஏறி வந்துர்றேன்."

எங்கள் பதிவேட்டில் அந்த அக்காவைப் பற்றிப் பன்னிரண்டு விவரங்கள் இருந்தன. ரத்த வகை, எடை, எந்தக் கையில் ஊசி போடலாம், எல்லாம். அன்று காலை அவரைத் தேடிப் பிடிக்க அதில் ஒன்றும் உதவவில்லை.

ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். டாக்டருக்குச் சொன்னோம். ஆக்ஸிஜன் தயார் செய்தோம். மிஷின்தான் இல்லை, ஆறிலும் சனிக்கிழமை ஆட்களை ஏற்ற வேண்டிய நேரம். ஐந்து பேரை ஏற்றியாகிவிட்டது. ஆறாவது, இண்டூர் அண்ணன். எடை பார்த்துவிட்டுக் கட்டிலில் ஏறி, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டும் இருந்தார்.

"மேடம், என்னைய இறக்கி உடுங்க," என்றார்.

"அண்ணா, உங்களுக்கும் நாலு நாள் ஆகப்போகுது."

"எனக்கு மூச்சு நல்லாத்தான இருக்குது. டாக்டர கேளுங்க. மத்தியானம் போட்டுக்கறேன்." கட்டிலிலிருந்து இறங்கி செருப்பைத் தேடினார். "அதுக்குப் பதிலா அந்த முறுக்குப் பைய இப்படித் தள்ளுங்க சிஸ்டர்."

"உப்புப் போட்டது. ஒண்ணே ஒண்ணு," என்றார் சிஸ்டர்.

டாக்டர் அவரைப் பரிசோதித்துவிட்டு, மத்தியானம் வரை பொறுக்கலாம் என்றார். நான் அந்த மிஷினை அக்காவின் அளவுகளுக்கு மாற்றினேன். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஏற்கெனவே சரிபார்த்தவற்றை வரிசையாக இன்னொரு முறை சரிபார்த்தேன்.

ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தபோது அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஆக்ஸிஜன் மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் ஏறி இறங்கின. பூக்கார அக்கா ஒரு கையால் அவர் முதுகைத் தாங்கியிருந்தார். நான் ஊசி போட்டேன். மிஷின் ஓடத் தொடங்கியது. டாக்டர் பக்கத்திலேயே நின்றார்.

முதல் மணி நேரம் எந்த மாற்றமும் தெரியவில்லை. இரண்டாவது மணி நேரத்தில் தோள்கள் ஏறி இறங்குவது குறைந்தது. மூன்றாவது மணி நேரத்தில் அவர் தலையணையில் சாய்ந்தார். இரண்டு இரவுக்குப் பிறகு அன்றுதான் சாய்ந்ததாகப் பின்னால் சொன்னார். கொஞ்ச நேரம் தூங்கினார். கண் விழித்தபோது நான் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தேன்.

"ஏங்க்கா, ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

மாஸ்க்கை விலக்கி, மெதுவாகப் பேசினார். "திங்கக்கெழம பஸ் ஸ்டாண்டுல கெறக்கமா வந்து உளுந்துட்டேன் கண்ணு. யாரோ சோடா வாங்கிக் குடுத்தாங்க. அதுக்கப்பறம் தனியா வர பயமாப் போச்சு."

"அதத்தான் கேக்கறேன். ஏன் சொல்லல?"

"நீ கம்ப்யூட்டர்ல போட்டு, கண்ணாடி மாதிரி ஒட்டி வச்சிருந்த. கவர்மெண்டு ஆர்டராக்கும்னு நெனச்சேன். சிஸ்டர் நோட்டுன்னா கேட்டா அழிச்சு எழுதுவாங்க. அத எப்படி அழிக்கறது?"

"தப்பு என்னுதுக்கா" என்றேன். அவர் என் கையை இரண்டு முறை தட்டிவிட்டுத் திரும்பக் கண்ணை மூடிக்கொண்டார். அன்று அவரை வார்டில் வைத்துக்கொண்டோம். இண்டூர் அண்ணன் மத்தியானம் ஏறி, மாலை இறங்கி, கடைசி வரை ஒரே ஒரு முறுக்கோடு வீட்டுக்குப் போனார்.

அட்டவணையை அன்றே கழற்றினேன். அடுத்த வாரம் முழுக்க, ஒவ்வொருவரிடமும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இரண்டு கேள்வி கேட்டேன்: எப்படி வர்றீங்க, எப்படிப் போறீங்க. நான் நினைத்ததைவிட நேரமெடுத்தது. எல்லாரும் கதையாகத்தான் சொன்னார்கள். ஒரு நோயாளியின் மாமியாரே மூன்று பேருக்குத் துணையாளாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. "மூணு பேருக்கும் ஒரே எடத்துலதான உக்காந்திருக்கேன், என்னா குத்தம்?" என்று அவர் என்னைத்தான் கேட்டார். இரண்டு பேர் ஒரே தெரு. ஒருவர் வீட்டில் இல்லாத நேரம் அவர் மாட்டை மற்றவர் வீட்டில் கட்டுவார்கள். அதனால் அவர்கள் ஒரே நாளில் வரவே முடியாது. ஒருவர் பயணம் செய்யும் பஸ்ஸின் கண்டக்டர், அவர் வராத நாளில் ஒரு நிமிடம் கூடுதலாக நிறுத்திப் பார்ப்பாராம். இதையெல்லாம் சிஸ்டர் தெரிந்து வைத்திருந்தார், எழுதி வைக்கவில்லை. எழுதினால் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று நான் கேட்டிருந்தால், அவருக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

என் கணக்கையும் முழுதாக விட்டுவிடவில்லை. யாருடைய வண்டியையும் பிரிக்காமல் மாற்றக்கூடியவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களை மட்டும் கேட்டு மாற்றினோம். சேமித்த நேரம் முன்பு கணக்கிட்டதில் பாதிதான். மாலை ஷிஃப்ட் இப்போது கால் மணி நேரம் பிந்தித் தொடங்குகிறது. அதை எல்லாரும் சரியான நேரம் என்றே சொல்கிறார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை. காலை ஆறரைக்கு வாசலில் டெம்போ நின்றது. பூக்கார அக்காவும் பாப்பிரெட்டிப்பட்டி அக்காவும் சேலையில் சாமந்தி இதழ்கள் ஒட்டியிருக்க இறங்கி வந்தார்கள். பாப்பிரெட்டிப்பட்டி அக்காவை எடை மிஷினில் ஏற்றினேன். இருக்கவேண்டிய எடைக்குப் பக்கத்தில் இருந்தது. கால்களை அழுத்திப் பார்த்தேன், வீக்கக் குழி விழவில்லை. வழக்கமான கட்டிலைக் காட்டினேன். அவர் நகரவில்லை.

"என்னங்க்கா?"

"ஒண்ணு சொல்லட்டுமா கண்ணு?"

"சொல்லுங்க."

"அந்தக் கட்டலு எனக்கு வேணாம். ஏசி நேரா மூஞ்சியில அடிக்குது. ஆறு மாசமா அடிக்குது."

"ஆறு மாசமா சொல்லாம இருந்தியா?" என்றார் பூக்கார அக்கா. "உன்னையக் கட்டிக்கிட்டு நான் என்னா பண்றது!"

"இப்ப சொல்றேன்ல?"

நான் சன்னலோரக் கட்டிலைக் காட்டினேன். அவர் போய் உட்கார்ந்து, கையை வைத்துப் பார்த்து, காற்று அங்கே வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டார். பிறகு சன்னல் வெளிச்சம் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, திரையை இழுத்துவிட முடியுமா என்று கேட்டார்.