திறந்து கிடந்த கிளஸ்டர்

காரைக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கணினி வேலை எங்களுக்குக் கிடைத்தது. எங்களுக்கு என்றால், எனக்கும் என்னோடு சென்னையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய தோழிக்கும். செக்காலை ரோட்டில் ஒரு மாடியறைதான் எங்கள் ஆபீஸ்.

ரிப்போர்ட் தயாரிக்க ஒன்று, எஸ்.எம்.எஸ். அனுப்ப ஒன்று என்று நிலையத்தின் மென்பொருள் கன்டெய்னர்கள் எனப்படும் தனித்தனிப் பொதிகளாகக் கிளவுடில் ஓடிக்கொண்டிருந்தது. அவற்றையெல்லாம் கட்டி மேய்க்கும் குபர்நெட்டிஸ் கிளஸ்டரை முன்பு யாரோ அவசரத்தில் அமைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதன் கட்டுப்பாட்டுப் பக்கம் பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது.

புதிதாக அமைக்க வேண்டும் என்றேன். நிலையத்தின் உரிமையாளர் மசியவில்லை.

"ஓடுதுல்ல தங்கச்சி? ஓடுறத எதுக்குப் பிரிக்கிறீக?"

அவர் முன்னாலேயே என் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பெயரும் சர்க்கரை அளவுமாக வரிகள் ஓடின.

"வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கவுக பேரும் இதுல இருக்குண்ணே. ஆர் வேணும்னாலும் பாக்கலாம்."

அவர் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தினார்.

"ஒரு பிள்ளைக்குச் சர்க்கரைன்னு வெளிய தெரிஞ்சா கல்யாணமே நின்னுருமே," என்றார். பிறகு, "ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு மேல மாத்திக்கிருங்க. திங்கக்கிழமை காலையில ரிப்போர்ட் போயாகணும்."

அந்த வாரம் முழுக்கப் புதிய கிளஸ்டரை அமைக்க உட்கார்ந்தோம். கட்டுப்பாட்டுப் பக்கத்தை வெளியிலிருந்து எட்டவே முடியாது. எந்தக் கன்டெய்னருக்கும் அதன் வேலைக்கு மேல் அனுமதி கிடையாது. ஒன்றோடொன்று பேசும் வழிகள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, தேவையானதை மட்டும் திறந்தோம்.

ஞாயிறு மதியம் மாற்றினோம். ரிப்போர்ட் தயாரானது, எஸ்.எம்.எஸ். மட்டும் போகவில்லை. பொழுது சாயத் தொடங்கியதும் தோழிக்குப் பொறுமை போய்விட்டது.

"இப்பதைக்கு எல்லாத்தையும் தொறந்து விட்டுருவோமாடி?"

"மாட்டேன். தொறந்தா அப்புறம் மூடவே மாட்டோம்."

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நடந்ததையெல்லாம் கணினி குறித்துவைக்கும் லாகை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். எஸ்.எம்.எஸ். கன்டெய்னர், செய்திகளை அனுப்பித்தரும் நிறுவனத்தின் இணைய முகவரியைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தது. முகவரி சொல்லும் டி.என்.எஸ். வழியையும் சேர்த்து அடைத்திருந்தோம். அந்த ஒன்றை மட்டும் திறந்தேன். சோதனைக்கு அனுப்பிய செய்தி தோழியின் போனில் வந்து விழுந்தது. அவள் நாற்காலியிலிருந்து குதித்தேவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ரிப்போர்ட்டுகள் தடங்கலில்லாமல் போயின. கொஞ்ச நேரத்தில் உரிமையாளர் போன் செய்தார்.

"என்ன தங்கச்சி, நீங்க காட்டுன அந்தப் பக்கம் என்னையவே உள்ள விடமாட்டேங்குது?"

"ரிப்போர்ட் பாக்குறதுக்கு உங்களுக்குத் தனி பாஸ்வேர்டு அனுப்பியிருக்கேண்ணே. கிளஸ்டருக்குள்ள நீங்க போக வேண்டியதில்ல."

"ஓனருக்குமா?"

"ஓனருக்குந்தான்."

"சரி, அப்படியே இருக்கட்டும்," என்றார்.